மச்சான் வாங்கிய தண்ணீர் மெஷின்

என் மனைவியின் அண்ணன் கோவிலம்பாக்கத்தில் மனை வாங்கி விற்கிறவர். 'ஏரியைப் பார்த்த மனை' என்று அவர் விற்ற இடங்களில் சில, மழைக்காலத்தில் ஏரிக்குள்ளேயே இருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. இதை நான் சொல்லவில்லை. என் மனைவிதான் சொல்வாள். அண்ணனைப் பற்றி அவள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். நான் 'ஆமாம்' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. கல்யாணமான முதல் வருடத்திலேயே இந்தச் சட்டம் எனக்குப் புரிந்துவிட்டது.

அப்படிப்பட்ட மச்சான் ஒரு நாள் படகு வாங்கினார்.

கோவாவில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் விற்ற படகு. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், சமைக்கலாம், பின்பக்கம் உட்கார்ந்து மீன் பிடிக்கலாம். மச்சானுக்கு மீன் வாசனையே ஆகாது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்தே முன்பணம் அனுப்பிவிட்டார். பெரிய ட்ரெய்லரில் ஏற்றி, லாரியில் கட்டி, வேலூர் சாலையில் வழிநெடுக ஜனங்கள் செல்ஃபி எடுக்க, கல்யாண ஊர்வலம் போல வந்து சேர்ந்தது.

"மாப்ள, போட்டு மட்டும் இல்ல. உள்ள ஒரு மிஷின் கீது. கடல் தண்ணிய இந்தப் பக்கம் உட்டா அந்தப் பக்கம் குடி தண்ணியா வருது. நீங்க கப்பல்ல பாத்திருப்பீங்க. என் கிட்ட சொந்தமாவே கீது பாருங்க" என்றார் போனில்.

நான் சரக்குக் கப்பல்களில் இன்ஜினியராக இருந்து, கடலைப் பார்த்துப் பார்த்து அலுத்து, செம்பாக்கத்தில் ஏரிக்கு நாலு தெரு தள்ளி வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். அந்த மெஷினைப் பார்த்தது மட்டுமில்லை, எத்தனையோ முறை பிரித்து மாட்டியிருக்கிறேன். நம் வீட்டுச் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ.வின் பெரியண்ணன்தான் அது. உப்புத் தண்ணீரைப் பயங்கரமான அழுத்தத்தில் ஒரு சவ்வின் மேல் தள்ளும். மெம்பரேன் என்று அதற்குப் பெயர். உப்பு இந்தப் பக்கம் நின்றுவிடும், தண்ணீர் அந்தப் பக்கம் போய்விடும். தினமும் ஓடிக்கொண்டே இருந்தால் அதுபாட்டுக்கு வேலை செய்யும். சும்மா நிறுத்திவைத்தால்தான் சங்கடம்.

மச்சானிடம் எந்தப் பொருளும் தினமும் ஓடாது. இதையும் என் மனைவிதான் சொன்னாள்.

படகை எங்கே நிறுத்துவது என்று அவர் யோசித்தது படகு வந்து சேர்ந்த பிறகு. முட்டுக்காடு உப்பங்கழியில் கட்டலாம் என்று நினைத்தார். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். யார் யாரையோ பிடித்து, ஒரே ஒரு நாளைக்குக் காசிமேட்டிலிருந்து கடலில் இறக்க ஏற்பாடு செய்தார். நானும் போனேன். மச்சான் தலையில் வெள்ளைத் தொப்பி, தொப்பியில் தங்க நிற நங்கூரம், கறுப்புக் கண்ணாடி. அலைதடுப்புச் சுவரைத் தாண்டும்வரை அவர்தான் கேப்டன். தாண்டிய உடனே படகு ஒரு குலுங்கு குலுங்கியது. அவர் முகம் வாழையிலைப் பச்சையாகிவிட்டது.

ஆனாலும் மனிதரை மெச்ச வேண்டும். அந்த நிலையிலும் மெஷினை ஓடவிட்டு, முதல் டம்ளரைப் பிடித்து, கேமராவைப் பார்த்துச் சிரித்து ஒரு மடக்குக் குடித்தார். படம் எடுத்து முடியும்வரை பொறுத்திருந்து, அப்புறம்தான் குனிந்து வாந்தி எடுத்தார். படம் மட்டும் இன்றுவரை அவருடைய வாட்ஸ்அப் முகப்பில் இருக்கிறது.

கரைக்கு வந்ததும் படகைத் திரும்ப ட்ரெய்லரில் ஏற்றி, கோவிலம்பாக்கத்தில் அவர் வீட்டுக்கு எதிரே விற்காமல் கிடந்த மனையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். கடலுக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் சதுப்பு நிலம், ஐ.டி. கம்பெனிகள், இரண்டு பெரிய சாலைகள் எல்லாம் இருக்கின்றன. கொஞ்ச நாளில் ஆட்டோக்காரர்களுக்கு அது அடையாளமாகிவிட்டது. "கப்பல் கீற தெருவா? ஏறுங்க" என்பார்கள். மச்சானுக்கு அதில் பெருமை.

ஒரு மாதம் போயிருக்கும். போன் வந்தது.

"மாப்ள, போட்டுக்குள்ள எலி செத்துப் பூட்ச்சி போலக்கீது. பேஜாரா நாறுது. ஆளு வுட்டுத் தேடிட்டேன், எலியக் காணோம்."

எனக்குப் புரிந்துவிட்டது. "மச்சான், அன்னிக்குக் கடல்ல ஓட்டினீங்களே, அப்புறம் அந்த மெஷினுக்கு நல்ல தண்ணி விட்டுக் கழுவினீங்களா?"

"தண்ணி செய்யற மிஷின எதுக்கு மாப்ள கழுவணும்?"

கடல் தண்ணீர் என்பது வெறும் உப்புக் கரைசல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதில் கோடிக்கணக்கில் இருக்கின்றன. மெஷினை நிறுத்தி, வால்வை மூடி, கோவிலம்பாக்கம் வெயிலில் வைத்துவிட்டால் அவை எல்லாம் உள்ளேயே செத்து அழுகும். எலி தேவையில்லை. அழுகிய முட்டை வாசனை தானாக வரும்.

அதற்காகக் காயவைக்கவும் கூடாது. ஒரு முறை நனைந்த சவ்வு காய்ந்தால் போயே போச்சு. கார்ப்பரேஷன் தண்ணீரை ஊற்றிக் கழுவலாமா என்றால் அதுவும் கூடாது. அதில் இருக்கும் குளோரின் சவ்வை அரித்துவிடும். ஈரமாகவும் இருக்க வேண்டும், அழுகவும் கூடாது, ஊரார் குடிக்கிற தண்ணீரும் ஆகாது. புது சம்பந்தி வீட்டுக்காரர்களைக் கூட இதைவிடச் சுலபமாகத் திருப்திப்படுத்திவிடலாம்.

இப்படி மாதக்கணக்கில் நிற்கப்போகிற மெஷினுக்குக் கப்பலில் நாங்கள் ஒரு காரியம் செய்வோம். நல்ல தண்ணீரால் உப்பு போகக் கழுவிவிட்டு, ஒரு மருந்துத் தூளைக் கரைத்து உள்ளே நிரப்பி, காற்றுப் புகாமல் மூடிவைப்போம். ஊறுகாய் போடுவது என்றுதான் கப்பல்காரர்கள் இங்கிலீஷில் சொல்வார்கள். இதை வீட்டில் சொன்னது என் தப்பு.

"எங்க அண்ணன் போட்டுக்கு ஊறுகாய் போடப் போறீங்களா?" என்றாள் என் மனைவி. "ஆவக்காயா, மாகாளியா?"

"பிக்லிங்னு பேரு. மெம்பரேன் கெடாம இருக்க."

"பரணில ஜாடி இருக்கு, எடுத்துட்டுப் போங்க."

நான் ஜாடி எடுக்காமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

போனதும் முதல் பிரச்சினை தண்ணீர். குளோரின் இல்லாத, உப்பு இல்லாத, இரும்புச் சத்து இல்லாத தண்ணீர் வேண்டும். குழாயில் வருவது குளோரின். மச்சானின் போர்வெல்லில் வருவது தேநீர் நிறம். கடைசியில் தெருமுனைக் கடையிலிருந்து கேன் வாட்டர் சொல்லி அனுப்பினோம். கேன்காரர் ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கி ஏணி ஏறி, நான் அதை வாளியில் கவிழ்ப்பதைப் பார்த்தார். அடுத்ததைத் தூக்கி வந்தார். அதையும் கவிழ்த்தேன். அவரால் தாங்க முடியவில்லை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்கோ. இது இன்னா மிஷினு?"

"குடிதண்ணி தயாரிக்கிற மெஷின்."

அவர் மெஷினைப் பார்த்தார். காலிக் கேன்களைப் பார்த்தார். கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மச்சானைப் பார்த்தார். "நல்லாத்தான் வேலை செய்யுது. இன்னும் எத்தினி கேன் வோணும்?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அன்று பகல் முழுக்க கழுவினேன். முதலில் வந்த நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டு மாடியில் துணி காயவைத்திருந்த அம்மாள் துணிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மெல்ல மெல்லத் தெளிந்தது. அதிர்ஷ்டம், சவ்வு சாகவில்லை. பிறகு மருந்துத் தூள். உலர்ந்த அத்திப்பழம் கெடாமலிருக்கப் போடுகிற வகைதான், விஷமில்லை. ஆனால் டப்பாவைத் திறந்தால் நூறு தீக்குச்சியை ஒன்றாகக் கிழித்த மாதிரி மூக்கில் ஏறும். அதைக் கேன் தண்ணீரில் கரைத்து, அழுத்தம் கொடுக்காமல் மெதுவாகச் சுற்றவிட்டு, உள்ளே முழுக்க நிரம்பியதும் வால்வுகளை இறுக்கி மூடினேன்.

மச்சான் அப்போதுதான் ஏணியேறி வந்து எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுதா? இப்ப சுவிட்சப் போட்டா தண்ணி வருமா?"

"வராது மச்சான். வரவும் கூடாது. உள்ள இருக்கிறது பூரா மருந்து. மறுபடி ஓட்டணும்னா முதல்ல இதை வெளிய விட்டுக் கழுவணும். முதல்ல வர்ற தண்ணியை ரொம்ப நேரம் கீழ கொட்டணும். அப்புறம்தான் குடிக்கலாம். எதுக்கும் என்னைக் கூப்பிடாம தொடாதீங்க."

"நான் ஏன் தொடப் போறேன்" என்றார். இந்த வார்த்தையை அவர் பல சொத்துகள் விஷயத்திலும் சொல்லியிருக்கிறார். ஆகவே ஓர் அட்டையில் 'உள்ளே மருந்து இருக்கிறது. என்னைக் கேட்காமல் ஓட்டாதே' என்று எழுதிச் சுவிட்சுக்கு மேலே கட்டினேன். 'ஓட்டாதே' என்பதைப் படித்து அவர் முகம் சுருங்கியது. மூத்த மச்சான், மரியாதை வேண்டாமா? அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'ஓட்டாதீர்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். திருப்தியாகத் தலையாட்டினார்.

அடுத்து வந்த ஆயுத பூஜைக்குப் படகுக்கு மாலை போட்டார்கள். ட்ரெய்லர் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். உள்ளே மெஷினுக்கும் சந்தனம், குங்குமம். எங்கே பளிச்சென்று இடம் இருக்கிறதோ அங்கேதானே பொட்டு வைப்பார்கள்? வெள்ளை அட்டை பளிச்சென்று இருந்தது. அதன் நடுவில் தாராளமாகச் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்துவிட்டார்கள். மிச்சம் தெரிந்தது 'தீர்கள்' என்ற நாலு எழுத்து மட்டும்.

பிறகு மழை வந்தது.

எங்கள் பக்கத்தில் கார்த்திகை மழையைப் பற்றி யாரும் கவிதை எழுதுவதில்லை. காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துவார்கள், ஃப்ரிட்ஜைக் கட்டிலின் மேல் ஏற்றுவார்கள், பால் பாக்கெட் இரண்டு கூடுதலாக வாங்குவார்கள். இந்த முறை இரண்டு நாள் விடாமல் கொட்டியது. செம்பாக்கம் ஏரி நிரம்பி எங்கள் கேட் வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. கோவிலம்பாக்கத்தில் திரும்பிப் போகவில்லை என்று டி.வி.யில் சொன்னார்கள். மச்சானின் போன் அணைந்திருந்தது.

"போய்ப் பாத்துட்டு வரலாம், கிளம்புங்க" என்றாள் மனைவி. மழை விட்டுத் தூறலாகியிருந்தது.

மேடவாக்கம் வரை பஸ் இருந்தது. அதற்கப்பால் நடை. கொஞ்ச தூரம் ஒரு டிராக்டர்காரர் ஏற்றிக்கொண்டார். மச்சான் தெருவுக்குள் முழங்கால் அளவுத் தண்ணீர். அந்தத் தண்ணீரின் நிறத்தையும் அதில் மிதந்தவற்றையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. கரண்ட் இல்லை. சம்ப்புத் தொட்டிகளில் எல்லாம் சாக்கடை கலந்துவிட்டதாம். கேன் வண்டி வரவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தெருவே தவித்துக்கொண்டிருந்தது என்று டிராக்டர்காரர் சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஆனா இன்னிக்குக் கவலையில்ல சார். கப்பல்காரரு தண்ணி தராராம்."

எனக்கு நான் கட்டிய அட்டை ஞாபகம் வந்தது. அதற்குள் தூரத்தில் ஜெனரேட்டர் சத்தம் கேட்டது.

தெரு திரும்பியதும் பார்த்தோம். சுற்றிலும் வெள்ளம். நடுவில் ட்ரெய்லர் சக்கரங்கள் மூழ்கிப் போனதால் படகு நிஜமாகவே மிதக்கிற மாதிரி நின்றது. மேல்தளத்தில் மச்சான். தலையில் அதே வெள்ளைத் தொப்பி. கீழே தண்ணீரில் குடமும் பக்கெட்டுமாகப் பெண்கள், ஆண்கள், குடையோடும் குடையில்லாமலும் வரிசையாக. எல்லோர் முகத்திலும், அவரிடம் யாரும் காட்டி நான் இதுவரை பார்த்திராத ஒரு மரியாதை.

"எங்க அண்ணனப் பாத்தீங்களா?" என்றாள் மனைவி. அவள் குரலே கொஞ்சம் உடைந்தது.

நான் தண்ணீரை உழப்பிக்கொண்டு ஓடினேன். "மச்சான், நிறுத்துங்க! கொட்டணும்! முதல் தண்ணி கொட்டணும்!" என்று கத்தினேன். ஜெனரேட்டர் இரைச்சலில் அது அவருக்கு வாழ்த்தொலியாகக் கேட்டிருக்கிறது. என்னைப் பார்த்துக் கையசைத்தார்.

அந்தத் தெரு நலச் சங்கத்துக்குத் தலைவி ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வெள்ளைப் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் வேறொரு வீட்டுக் கைக்குழந்தையோடு வரிசையின் முன்னால் நின்றார். மச்சான் அவரைத்தான் முதலில் கூப்பிட்டார். சும்மா இல்லை, வெள்ளி டம்ளரில்.

"டீச்சரம்மா, மொத டம்ளர் உங்களுக்கு. நீங்க குடிச்சுட்டு சொல்லுங்கோ, அப்புறம் ஊருக்கு."

அவர் குழந்தையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, டம்ளரை வாங்கி, கண்ணை மூடி ஒரு வார்த்தை ஜெபித்துவிட்டு, பாதி டம்ளரை ஒரே மூச்சில் குடித்தார். தாகம் அப்படி.

கண்ணைத் திறந்தார். விழுங்கினார். சங்கத் தலைவி, தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது, துப்ப முடியாது. பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு ஏப்பம் வந்தது.

"தம்பி, இது என்ன தண்ணி?"

"சுத்தமான குடிதண்ணி டீச்சரம்மா. ஃபாரின் டெக்னாலஜி."

"தீப்பெட்டியைக் கழுவி ஊத்தின மாதிரி இருக்கு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதற்குள் நான் ஏணியைப் பிடித்து ஏறி, சுவிட்சை அணைத்துவிட்டேன். ஜெனரேட்டரையும் அணைத்தேன். திடீரென்று அமைதி. அந்த அமைதியில்தான் கவனித்தேன்: மெஷினுக்குத் தண்ணீர் இழுக்கும் குழாய் படகின் ஓரத்தைத் தாண்டி நேராகத் தெருவில் இறங்கியிருந்தது. அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் பையும் யாருடையதோ ஒரு செருப்பும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"மச்சான், எந்தத் தண்ணியை உள்ள விட்டீங்க?"

"ஏன், இதோ இந்தத் தண்ணிதான்."

"இது சாக்கடை மச்சான்."

"கடலையே குடி தண்ணியா மாத்துற மிஷினு மாப்ள! தெருத் தண்ணி எம்மாத்திரம்?"

கடலில் உப்பும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும்தான் உண்டு, கோவிலம்பாக்கத்தின் சாலைத் தண்ணீரில் டீசல், ஆயில், இன்னும் சொல்லத் தகாதவை எல்லாம் உண்டு, சவ்வுக்கு எண்ணெய் பட்டால் மீளாது என்று நான் சொல்லிக்கொண்டே முன்னால் இருக்கும் வடிகட்டியைத் திறந்தேன். வெள்ளையாக வைத்த வடிகட்டி, அடுப்பில் கருகிய கத்தரிக்காய் போல வெளியே வந்தது. வரிசை அதைப் பார்த்தது. பின்வரிசையில் பக்கெட்டுகள் மெதுவாகத் திரும்பத் தொடங்கின.

"அட்டை கட்டியிருந்தேனே!"

"எந்த அட்டை?" என்றார். சுவிட்சுக்கு மேலே பார்த்தார். சந்தனமும் குங்குமமும் காய்ந்து அழகாக இருந்தன. "ஓ, இதா? நான் ஏதோ சாமி அட்டைன்னு நெனச்சிகினு கீறேன்."

எனக்கு டீச்சரம்மாவைப் பற்றித்தான் பயம். இறங்கி அவரிடம் போய், வந்தது பெரும்பாலும் மருந்து வாடைதான், இந்த அளவுக்கு ஒன்றும் ஆகாது, ஆனாலும் ஆஸ்துமா இருந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"ஆஸ்துமா எல்லாம் இல்ல. வாழ்நாள் பூரா ஸ்டாஃப் ரூம் டீ குடிச்சவ நான்" என்றார். இன்னொரு ஏப்பம் விட்டார். பிறகு அந்தத் தெருவைத் திரும்பிப் பார்த்து, பள்ளிக்கூட மைதானத்துக்குக் கேட்கிற குரலில் சொன்னார்: "எல்லாரும் எங்க வீட்டு மாடிக்கு வாங்க. நான் காலையிலேர்ந்து மழைத் தண்ணி பிடிச்சு வச்சிருக்கேன். கேஸ் இருக்கு. காய்ச்சித் தர்றேன்."

"வூட்ல தண்ணி வச்சிகினு ஏன் டீச்சரம்மா இங்க வந்து நின்னீங்க?" என்று மச்சான் மேலேயிருந்து கேட்டார். குரலில் நிஜமான வலி.

"நீ ஆசையாக் கூப்பிட்டே தம்பி. வரலேன்னா வருத்தப்படுவியேன்னு வந்தேன்."

அவர் வீட்டு மாடியில் கொடிக் கம்பிகளுக்கு நடுவே வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டி, நடுவில் சுத்தமான கல் ஒன்றைப் போட்டு, கீழே அண்டா வைத்திருந்தார். வானத்திலிருந்து விழுந்தது வேட்டியில் வடிந்து நேராக அண்டாவில் இறங்கிக்கொண்டிருந்தது. வால்வு இல்லை, மோட்டார் இல்லை. தெரு மொத்தமும் அங்கே போனது. கப்பலில் பல வருடம் தண்ணீர் தயாரித்தவன் நான். நானும் போனேன்.

மாடியிலிருந்து பார்த்தால் படகு தெரிந்தது. மச்சான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். தூறல் தலையில் விழுந்துகொண்டிருந்தது. நான் மனதுக்குள் நன்றாக நாலு வார்த்தை தயார் செய்து வைத்திருந்தேன். அவரை அப்படிப் பார்த்ததும் அவற்றில் இரண்டு போய்விட்டன.

மனைவி கைப்பிடிச் சுவரில் எட்டிக் கூப்பிட்டாள். "அண்ணா! எறங்கி வா. காலையிலேர்ந்து நீ என்ன குடிச்சே?"

"ஒரு சோடா" என்றார்.

"மிஷின் தண்ணி குடிக்கலையா?"

"ஊருக்குக் குடுத்துட்டு குடிக்கலாம்னு இருந்தேன்."

அதுதான் அவர். ஏரியை மனையென்று விற்பவரும் அவர்தான், ஊர் குடிக்குமுன் தான் குடிக்கக் கூடாது என்று தொண்டை வறள உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். கொஞ்ச நேரத்தில் வெள்ளி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் வந்து, மாடிப்படியில் வரிசையின் கடைசியில் நின்றார். டீச்சரம்மா அவர் முறை வந்ததும் டம்ளர் நிறைய ஊற்றினார். "ஊதிக் குடி, சூடா இருக்கு" என்றார். அவர் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

வெள்ளம் வடிந்து கரண்ட் வந்ததும் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் மச்சான் ஒரு நீண்ட செய்தி போட்டார். பேரிடர் நேரத்தில் தனியார் படகு ஒன்றின் மூலம் குடிநீர் வழங்கும் முன்னோட்டம் வெற்றிகரமாக நடந்தது என்றும், சில சிறு தொழில்நுட்ப மாற்றங்களுக்குப் பிறகு அடுத்த மழைக்கு முழு அளவில் சேவை தொடரும் என்றும். கூடவே ஒரு படம்: டீச்சரம்மா கண்ணை மூடி டம்ளரை வாயில் வைத்திருக்கும் அந்த ஒரு நொடி. அடுத்த நொடியின் படத்தைப் போடவில்லை. கீழே நிறைய பேர் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார்கள். அந்த ஊரிலேயே இல்லாதவர்கள் அதில் பாதி.

பிறகு எனக்குப் போன். "மாப்ள, வந்து மறுபடியும் அந்த மருந்த போட்டு மூடிட்டுப் போங்க. இப்ப மழை நின்னுட்ச்சி, அடுத்த வருசம் வரைக்கும் மிஷின் சும்மாதானே இருக்கும்?"

போனேன். சவ்வை வெளியே எடுத்தேன். எண்ணெயும் சேறும் சேர்ந்து கறுத்துக் கெட்டியாகியிருந்தது. கழுவிப் பார்த்தேன், சோடாக் காரம் கரைத்து விட்டுப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. செத்துவிட்டது.

"இதுக்கு இனிமே மருந்து வேணாம் மச்சான். கெடறதுக்கு உள்ள ஒண்ணும் மிச்சமில்ல."

"வோணாம்னா எப்படி? போட்டு வைங்க. முறைன்னு ஒண்ணு கீதுல்ல?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள், "போட்டுடுங்க. உங்களுக்கென்ன, கொஞ்சம் பவுடர்தானே?" என்றாள். ஆகவே கேன்காரரை மறுபடி கூப்பிட்டு, அவர் இந்த முறை ஒன்றுமே கேட்காமல் தண்ணீரைக் கவிழ்க்க, செத்துப்போன ஒரு சவ்வுக்கு முறைப்படி எல்லாம் செய்து, வால்வை மூடி, அட்டையும் கட்டிவிட்டு வந்தேன். கடலில் இருந்த அத்தனை வருடத்தில் இவ்வளவு சுத்தமாக அந்த வேலையைச் செய்ததில்லை.

தை மாதத்தில் குரோம்பேட்டையில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்தோம். எதிர்வரிசையில் இருந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, சந்தோஷமாகக் கேட்டார்:

"நீங்கதானே சார் அந்த போட்டு மிஷின்ல ஏதோ பவுடர் போட்டுக் கெடுத்தது?"

அந்தப் பந்தியில் இருந்த யாருக்குமே இது புதுச் செய்தியாகத் தெரியவில்லை. 'அருமையான மிஷினாம், வெளிநாட்டு சாமானாம், மாப்பிள்ளை கை வச்சதும் போச்சாம்' என்று குடும்பத்தில் எப்போதோ தீர்ப்பாகியிருக்கிறது. எனக்குத்தான் நகல் வரவில்லை. இரண்டு இலை தள்ளி மச்சான் அப்பளத்தை நொறுக்குவதில் மும்முரமாக இருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி திரும்பினாள்.

"பவுடர் போட்டது இவர்தாங்க. சாக்கடையில ஓஸ் விட்டது எங்க அண்ணன்" என்றாள், பந்தி முழுக்கக் கேட்கும்படி.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அண்ணனைப் பற்றி அவள் சொன்ன ஒன்றுக்கு, அன்றுதான் முதல் தடவையாக நான் 'ஆமாம்' என்று சொன்னேன். அவள் முறைக்கவில்லை. மச்சான் அப்பளத்திலிருந்து தலையைத் தூக்கி எங்கள் இருவரையும் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "தம்பி, இங்க மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊத்துப்பா" என்றார்.